தாழ் போடாத வரிசை

எங்கள் எஸ்டேட் ஆபீஸில் டெலிபிரிண்டர் இருந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதன் வழியாகப் பார்த்தால் தேயிலை பாக்டரியின் தகரக் கூரை தெரியும். அக்காவின் கணவர், என் அத்தான், அங்கேதான் வேலை பார்த்தார். கொழுந்தை நசுக்கி அரைக்கிற மெஷினில், பல் வைத்த இரண்டு இரும்பு உருளைகளுக்கு முன்னால் ஷிப்டு முழுவதும் நிற்கிற வேலை. எழுபதுகளின் நடுவில், நான் கொச்சியிலிருந்த கம்பெனித் தலைமை ஆபீசுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், அந்த உருளைகளின் வாயை மூட வேண்டிய கம்பி வலை உடைந்து போயிருந்தது. நான் சொல்ல வந்தது அந்த வலையைப் பற்றித்தான். சுற்றி வளைத்துப் பேச எனக்குப் பொறுமை கிடையாது.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறி வந்த குடும்பம். அப்பாவும் அம்மாவும் கொழுந்து பறித்தே கண்ணை மூடினார்கள். அக்காதான் கூலியில் மிச்சம் பிடித்து என்னைக் குமுளிக்கு அனுப்பி டைப்ரைட்டிங் படிக்க வைத்தாள். ஆபீஸில் என் வேலை தற்காலிகம் என்பதால் எனக்கென்று குவார்ட்டர்ஸ் தரவில்லை. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் அக்கா, அத்தான் இருந்த ஓரறை வீட்டில்தான் நானும் இருந்தேன். அந்த வீடு அத்தானின் வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். இது லயத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

டெலிபிரிண்டரைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே உட்கார்ந்து தட்டச்சு அடித்தால் கொச்சியில் இருக்கிற மெஷினில் எழுத்து விழும். கையால் அடித்தால் மெதுவாகத்தான் போகும். அதனால் அடிக்கடி போகிற செய்திகளை முன்கூட்டியே காகித நாடாவில் துளையிட்டு வைத்துக்கொள்வோம். நாடாவை மாட்டி விசையைத் தள்ளிவிட்டால் போதும், யாரும் தொடாமலே மெஷின் கடகடவென்று அடித்துக்கொண்டு போகும். பெயரோ எடையோ நிரப்ப வேண்டிய இடம் வந்தால் விசையை நிறுத்தி, அதை மட்டும் கையால் அடித்து, மறுபடி தள்ளிவிட வேண்டும். முதலில் இந்த நாடாக்கள் எல்லாம் மேசை இழுப்பறைக்குள் இடியாப்பம் மாதிரி ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. நான் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. கவலைப்பட ஒருத்தர் வந்து சேர்ந்தார்.

எங்கள் ஹெட் கிளார்க் பாலக்காட்டுப் பக்கம் சித்தூர்க்காரர். ஊரில் வயலும் தென்னந்தோப்பும் இருக்கிற மனிதர் இந்தக் குளிரில் எதற்கு வந்து வாடுகிறார் என்று ஆபீஸில் எல்லோரும் கேட்போம், அவர் சிரித்துவிட்டுப் போவார். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டார். என்னை அம்மணி என்றுதான் கூப்பிடுவார். வந்த மறுவாரமே ஆசாரியைக் கூப்பிட்டு ஒரு பெரிய பலகை செய்து சுவரில் மாட்டினார். பலகையில் நான்கு வரிசை ஆணிகள், வரிசைக்கு ஒரு வண்ணம். கொழுந்து எடை, மழை, ஆள் கணக்கு என்று தினமும் போகிற நாடாக்கள் நீல வரிசை. சம்பள நாள் சமாசாரம் மஞ்சள். மெஷினுக்குச் சாமான் கேட்கிறவை பச்சை. விபத்து, தீ, மண்சரிவு, வேலைநிறுத்தம் எல்லாம் சிவப்பு.

ஆணி அடித்ததோடு அவர் நிற்கவில்லை. வரிசைகளுக்குக் குறுக்கே மரத் தாழ் வைத்தார். தாழைப் போட்டுப் பூட்டிவிட்டால் அந்த வரிசையிலிருந்து ஒரு நாடாவையும் உருவ முடியாது. காலையில் வந்ததும் சாவிக்கொத்தோடு பலகை முன்னால் நின்று, அன்றைக்கு எந்த வரிசை ஓட வேண்டுமோ அதை மட்டும் திறந்துவிடுவார்.

“ஏனுங்க அம்மணி, அன்னன்னைக்கு எது வேணுமோ அது மட்டுந்தான் கைக்கு எட்டோணும். மத்ததெல்லாம் பூட்டியே கெடக்கோணும். அப்பத்தான் ஒண்ணு கெடக்க ஒண்ணு போகாதுங்க” என்றார்.

இப்போது என் மகள் கணினியில் இதையேதான் செய்கிறாள். ஒரு விசையைத் தட்டினால் ஒரு பத்தியே வந்து விழுகிறது. அப்படிப்பட்ட குறுக்குவிசைகளைக் குழு குழுவாகப் பிரித்து வைத்திருக்கிறாள், வேண்டிய குழுவை மட்டும் இயங்க விட்டு மற்றதை அணைத்து வைக்கிறாள். எவ்வளவு வசதி பார் அம்மா என்கிறாள். வசதிதான், நான் இல்லை என்றா சொன்னேன்.

பச்சை வரிசையின் தாழ் மாதக் கடைசியில் மட்டுமே திறக்கும். சாமான் கேட்டு அடிக்கடி தொந்தரவு செய்ய வேண்டாம், இடையில் கையால் அடித்தும் கேட்கக் கூடாது என்று கொச்சியிலிருந்து உத்தரவு. சிவப்பு வரிசைக்குத் தாழே கிடையாது. அது ராப்பகலாகத் திறந்தே இருக்கும்.

சிவப்பில் தொங்கிய விபத்து நாடாக்கள் இரண்டு. ஒன்று காயத்துக்கு, இன்னொன்று சாவுக்கு. இங்கிலீஷ் வாசகம் கொச்சியிலிருந்து வந்தது, துளையிட்டது நான். “இன்ன தொழிலாளிக்கு இன்ன தேதியில் விபத்து நேர்ந்ததை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். யந்திரத்தின் காப்பு வலை ஒழுங்காக இருந்தது. தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவே காரணம்.” பெயருக்கும் தேதிக்கும் மட்டும் காலி இடம்.

“சார், வலை ஒழுங்கா இருந்துதுன்னு இப்பவே எப்படி அடிக்கது? இன்னும் ஒண்ணுமே நடக்கலியே” என்று கேட்டேன்.

“இது பொது வாசகமுங்க அம்மணி. வக்கீலு பார்த்து எழுதிக் குடுத்தது. நாம மாத்தப்படாது” என்றார். அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வலை உடைந்தபோது பாக்டரி மெக்கானிக் அதைக் கம்பி போட்டுக் கட்டிப் பார்த்தார், நிற்கவில்லை. உள்ளூரில் ஒன்று செய்து மாட்டலாம் என்றால், கொச்சி அனுமதியில்லாமல் அந்த மெஷினில் ஒரு திருகாணியைக்கூட மாற்றக் கூடாது என்று விதி. கடைசியில் ஒரு சாக்கை மடித்துத் தொங்கவிட்டார்கள். கொழுந்து அடைத்துக்கொண்டால் அத்தான் சாக்கை விலக்கிவிட்டு ஒரு குச்சியால் தள்ளிவிடுவார். குச்சி எட்டாவிட்டால் கையால். அந்த நாட்களில் அத்தான் வீட்டுக்குள் நுழையும்போது அக்கா அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள், கைகளைத்தான் பார்ப்பாள். பார்த்த பிறகுதான் சோறு போடுவாள்.

“ஏட்டி, நீதான் தெனமும் கொச்சிக்கு அடிக்கியே, இத ஒரு வார்த்த சொல்லப்படாதா?” என்று என்னிடம் கேட்டாள்.

“மாசக் கடைசியில சொல்லியாச்சுக்கா. பரிசீலனையில இருக்குன்னு பதில் வந்திருக்கு.”

“பரிசீலனைன்னா எப்ப வரும்?”

அடுத்த மாதக் கடைசியிலும் பச்சைத் தாழ் திறந்தது, வலை கேட்கிற நாடா ஓடியது, பரிசீலனையில் இருப்பதாக அதே பதில் வந்தது. அதற்கு மேல் பொறுக்க என்னால் முடியவில்லை. வலை கேட்கிற வாசகத்தைத் தனியாக ஒரு துண்டு நாடாவில் துளையிட்டு, நீல வரிசையின் கொழுந்து நாடாவுக்கு வாலாக ஒட்டினேன். தினமும் கொழுந்துக் கணக்கு போகும், அதன் பின்னாலேயே வலையும் போகும். பூட்டை உடைக்கவில்லை, யாரையும் கெஞ்சவில்லை. ஒருவிதக் கர்வம்கூட எனக்கு வந்துவிட்டது. தினமும் ஒருத்தி காதில் ஓதினால் கல்லும் திரும்பிப் பார்க்காதா என்று நினைத்தேன். அக்காவிடம், இனி வலை வந்துவிடும் என்று சொன்னேன். அவளும் நம்பினாள்.

மழை பிடித்து, விட்டு, மறுபடி பிடித்தது. கொச்சியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அந்தச் சமயத்தில் ஹெட் கிளார்க் ஏதோ கூட்டத்துக்காகக் கொச்சிக்குப் போய் வந்தார். வந்தவர் முகத்தில் கல்யாணக் களை. “அங்கயும் நம்மளப் பார்த்துப் பலகை வெச்சுப்போட்டாங்க அம்மணி! இதே நாலு வண்ணம், இதே தாழு. நம்ம செகப்புச் சேதி போனா அங்க செகப்புலருந்து பதிலு நாடா தானா ஓடுது. நம்ம நீலச் சேதிக்கு எத்தன வரின்னு அளவெடுத்து மேசையில கோடு போட்டு வெச்சிருக்கறாங்க. கடைசி வரி உழுந்ததும் ஸ்கேல வெச்சு ஒரே கிழி. கீழ வர்ற வெத்துக் காயிதம் கூடைக்குப் போயிருது. என்ன சுத்தமுங்க!”

நான் ஒட்டிய வால் அத்தனை நாளும் அந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்து கூடைக்குப் போயிருக்கிறது. ஒரு கண்கூட அதன்மேல் படவில்லை.

அழுகையும் ஆத்திரமுமாக எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். பச்சைத் தாழை இப்போதே திறந்துவிடச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நீல நாடாவைக் கையில் வாங்கி, நான் ஒட்டிய வாலை ஒட்டிய இடத்தில் நிதானமாகப் பிரித்து எடுத்தார்.

“அப்புடிப் பண்ணப்படாதுங்க அம்மணி. நீலத்துல பச்சையக் கலந்தா பொறவு எதையுமே நம்ப முடியாது. மாசக் கடைசி வருதல்லோ, அப்ப மறுக்காக் கேட்போமுங்க.”

மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது. அன்று சாயங்காலம் வலை எப்போது வரும் என்று அக்கா கேட்டாள். அடுத்த மாதம் என்றேன். அத்தான் கைகழுவி வந்து உட்கார்ந்தார், அவள் சோறு போட்டாள்.

அது கொழுந்து கொட்டிக்கொண்டிருந்த வாரம். மழை விட்டு வெயில் அடித்ததும் செடிகளெல்லாம் ஒரேயடியாகத் துளிர்த்திருந்தன. பாக்டரியில் கொழுந்து மலையாகக் குவிந்து கிடந்தது, மெஷின் ஓயவே இல்லை. நான் நீல வரிசையை ஓட்டி முடித்துவிட்டுக் காப்பித் தம்ளரை எடுக்கும்போது பாக்டரி இரைச்சல் நின்றது. ஷிப்டு நடுவில் அது நின்று நான் கேட்டதில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். ஆட்கள் எல்லோரும் ஒரே பக்கமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓடியவர்களில் ஒருத்தர் ஆபீஸ் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார், என்னைக் கண்டதும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் பாக்டரிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது. துரையே, அதாவது எஸ்டேட் மேனேஜரே, ஓட்டிக்கொண்டு போனார். பின்சீட்டில் அத்தானைக் கிடத்தி, அக்காவை ஏற்றிக்கொண்டு, குமுளி வழியாக மலையிறங்கிக் கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்றார்கள். மெஷினுக்கு முன்னால் சாக்கு கிடந்தது. அதை நான் பார்த்தேன், அதற்கு மேல் எதையும் பார்க்கவில்லை.

திரும்பி ஆபீஸுக்கு வந்தபோது ஹெட் கிளார்க் சிவப்பு வரிசையிலிருந்து இரண்டு நாடாக்களையும் எடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். சுருக்கமில்லாமல் விரலால் நீவி வைத்திருந்தார். வலது பக்கம் காயம், இடது பக்கம் சாவு.

“உக்காருங்க அம்மணி. தொரை கம்பத்துலருந்து போன் பண்றேன்னாரு. ரெண்டுல எதுன்னு தெரிஞ்சதும் ஓட்டிப்போடலாம்.”

“எங்க அத்தான் சார்” என்றேன்.

“தெரியுமுங்க. அதனாலதான் நானே கூட உக்காந்திருக்கறேன்.”

ஆறிப்போன காப்பியைக் கொட்டிவிட்டு எனக்குப் புதிதாக வாங்கி வரச் சொன்னார். சர்க்கரை கூடப் போடச் சொன்னார். அப்படிப்பட்ட மனிதரை எப்படி வெறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் வெறுத்தேன். சுவரில் மற்ற மூன்று வரிசைகளுக்கும் தாழ் விழுந்திருந்தது. மேசையில் இரண்டு நாடாக்கள். நான் இடது பக்கத்து நாடாவைப் பார்க்காமல் இருக்க என்ன பாடு பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். அதைப் பார்த்தால் அதுவே ஆகிவிடும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம்.

போன் மணி அடித்தது. அவர்தான் எடுத்தார்.

“ஆமாங்க… சரீங்க… வலது கையிங்களா… முழங்கைக்கு மேலயுங்களா… சரீங்க.”

போனை வைத்துவிட்டு, எழுந்து போய் இடது பக்கத்து நாடாவை அதன் ஆணியிலேயே திரும்ப மாட்டினார். அத்தான் உயிரோடு இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான். ஐயோ, எனக்கு என்ன சந்தோஷம்! ஒரு மனிதனுக்கு வலது கை போய்விட்டது, நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பும் அழுகையுமாக உட்கார்ந்திருந்தேன்.

“ஓட்டிப்போடுங்க அம்மணி” என்றார்.

நாடாவை மாட்டினேன். விசையைத் தள்ளினேன். வருத்தத்துடன் தெரிவிக்கிறோம் என்று மெஷின் அடித்தது. பெயர் இடம் வந்தது, நிறுத்தி அத்தான் பெயரை அடித்தேன். தேதி அடித்தேன். மறுபடி விசையைத் தள்ள வேண்டும். அடுத்த வாக்கியம் என்ன என்று நாடாவின் துளைகளிலேயே எனக்குப் படிக்கத் தெரியும். நான் விசையைத் தள்ளவில்லை. நாடாவை உருவிப் போட்டுவிட்டுக் கையால் அடித்தேன். வலை உடைந்து பல மாதமாகிறது, கேட்டும் தரவில்லை, சாக்கைத் தொங்கவிட்டு மெஷினை ஓட்டினார்கள், இந்தத் தொழிலாளியின்மேல் எந்தத் தப்பும் இல்லை என்று அடித்தேன். அவசரத்தில் பிழை பிழையாக விழுந்தது. விழட்டும் என்று அடித்தேன்.

ஹெட் கிளார்க் தடுப்பார் என்று நினைத்தேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று கடைசி எழுத்து வரை படித்தார்.

“அடிச்சா மனசு ஆறுமுன்னா அடிச்சுக்குங்க. ஆனா அங்க செகப்புக்குச் செகப்புதானுங்க வரும்” என்றார் பாவமாக.

பதில் வர வெகுநேரம் ஆகவில்லை. மெஷின் தானாக உயிர் பெற்று அடிக்க ஆரம்பித்தது. மனிதர் அடித்தால் காதுக்குத் தெரியும். நான்கு எழுத்து வேகமாக விழும், ஐந்தாவது தயங்கும், பிழை வந்தால் நிற்கும். நாடா ஓடினால் ஒரே சீராக விழும், மூச்சு விடாது. நான் ஒரு தயக்கத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஒரே ஒரு எழுத்து தடுமாறினால் போதும், யாரோ படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தடுமாறவில்லை. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே சீர்.

மறுநாள் அக்கா துணிமணி எடுத்துப் போகக் கம்பத்திலிருந்து பஸ்ஸில் வந்தாள். நேராக ஆபீஸுக்கு வந்து, கொச்சி என்ன சொல்கிறது என்று கேட்டாள். நான் அந்தக் காகிதத்தைத் தமிழில் வாசித்தேன். வருந்துகிறோம். உங்கள் அறிக்கைப்படி காப்பு வலை ஒழுங்காக இருந்ததாலும் சொந்தக் கவனக்குறைவே காரணம் என்பதாலும் நஷ்டஈட்டுக்கு இடமில்லை. வைத்தியச் செலவை மட்டும் கம்பெனி ஏற்கும். தொழிலாளியைக் கணக்குத் தீர்த்து அனுப்பி, வீட்டைக் காலி செய்து வாங்கவும்.

அக்கா அழவில்லை. காகிதத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது.

“இத எழுதுனது யாருட்டி? ஆளு பேரச் சொல்லு. கொச்சிக்கே போயி நாலு வார்த்த கேக்குதேன்.”

“யாரும் எழுதலைக்கா.”

“யாரும் எழுதாமயா வந்துது?” என்றவள், காகிதத்தில் விரல் வைத்து, “இதுல அவுக பேரு எங்க இருக்கு?” என்றாள்.

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இடைவெளிதான் இருந்தது. அங்கே நாடாவை ஓட்டியவர்கள் அந்த இடத்தில் நிறுத்தாமலே ஓட்டிவிட்டார்கள். நான் அதைக் காட்டினேன்.

அக்கா காகிதத்தை மேசையில் வைத்தாள். “அவுக பேரு இல்லல்லா? அப்ப இது எங்களுக்கு வந்ததில்ல. எங்களுக்குன்னு வாரப்ப சொல்லு, அப்ப வீட்டக் காலி பண்ணுதேன்” என்றாள். ஹெட் கிளார்க்கைப் பார்த்து, “சொல்லிருங்க சார்” என்று கும்பிட்டுவிட்டு லயத்துக்குப் போய்விட்டாள். என் வாழ்நாளில் நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. பேரில்லாத காகிதத்தை வைத்துக்கொண்டு எங்களை என்ன செய்துவிட முடியும் என்று அந்த நிமிஷம் உண்மையாகவே நம்பினேன்.

ஹெட் கிளார்க் காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். “உங்கக்கா சொல்றது வாஸ்தவந்தானுங்க. பேரு உழுகாமப் போயிருச்சு. நல்லவேளை, காட்டிக் குடுத்தாங்க” என்றார். என்னை எழுந்துகொள்ளச் சொல்லி, அவரே உட்கார்ந்து கொச்சிக்கு இரண்டு வரி அடித்தார்.

பதில் வந்தது. ஒரே சீராக வந்துகொண்டிருந்த மெஷின், பெயரிடத்தில் நின்றது. பிறகு ஓர் எழுத்து விழுந்தது. நின்றது. இன்னும் இரண்டு எழுத்து. அங்கே யாரோ ஒருவர் விரலால், தேடித் தேடி, அத்தான் பெயரைப் பிழையில்லாமல் அடித்தார். அவ்வளவுதான். மறுபடி நாடா ஓடியது, வீட்டைக் காலி செய்து வாங்கவும் என்பது வரை.

அதை மடித்து எடுத்துக்கொண்டு லயத்துக்கு நடந்தேன். அக்கா ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பேர் இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், துணிப்பையை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேல்தட்டிலிருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்க ஆரம்பித்தாள்.